இரண்டு நாய்களுக்கும் காணிக்கை

நாய்ப் பந்தயத்தில் ஜெயித்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு திரும்பிய குடும்பம் டெக்சஸ் மாநிலத்தில் எங்களுடையது மட்டுமாகத்தான் இருக்கும். எங்களை அங்கே அழைத்துப்போன டாக்டர் அங்கிள் போன் பண்ணும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். அவருக்கு விஷயம் தெரியாது. அன்றைக்கு என்ன நடந்தது என்று எங்களுக்கே புரிவதற்கு அந்த வாரம் முக்கால்வாசி ஓடிவிட்டது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் சில இடங்களில் எனக்குத் தலை சுற்றத்தான் செய்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஹூஸ்டனில் இருந்தோம். ஹில்கிராஃப்ட் சாலையின் இந்தியக் கடைகளிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு அபார்ட்மெண்ட். கணவருக்கு எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. மகளுக்கு ஆறு வயது. நாம் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். எனக்கு அங்கே வேலை இல்லை. செய்யவும் கூடாது, என் விசா அப்படி. ஆனால் திருச்சியில் எனக்கு ஒரு வேலை இருந்தது. வங்கியில் ஆபீசர். சம்பளமில்லாத விடுப்பு போட்டுவிட்டுத்தான் கணவரோடு விமானம் ஏறினேன். விடுப்பை ஒரு தடவை நீட்டித்தார்கள். அடுத்த தடவை முகம் சுளித்துக்கொண்டு நீட்டித்தார்கள். மூன்றாவது தடவை மேனேஜர் போனிலேயே சொல்லிவிட்டார்: மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் ராஜினாமா.

வேலை போனால் போகிறது என்று சொல்கிறவர்கள் பெட்டக அறையின் சாவியை வைத்துக்கொண்டு நடந்து பார்த்ததில்லை. அந்தக் கதவை ஒரு சாவியால் திறக்க முடியாது. ஒன்று மேனேஜரிடம், இன்னொன்று என்னிடம். காலையில் நான் போய்ச் சேராவிட்டால் கேஷ் வெளியே வராது, கேஷ் வராவிட்டால் கவுண்டர் திறக்காது. மழை பெய்து பஸ் தாமதமான நாளில் கிளையே வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஹூஸ்டனில் என்னை எதிர்பார்த்து நின்றவை சலவை மெஷினும் மகளின் ஸ்கூல் பஸ்ஸும்தான்.

அதற்காக ஹூஸ்டன் பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். மகள் ஸ்கூலுக்குப் போக ஒருநாள்கூட அழுததில்லை. கணவரின் கிரீன் கார்டு வேலை ஆமை வேகத்திலாவது நகர்ந்துகொண்டிருந்தது. அது வந்துவிட்டால் நானும் இங்கேயே வேலைக்குப் போகலாம். எப்போது வரும் என்று வக்கீலுக்கும் தெரியாது. இருக்கிற வேலையை விடுவதா, வராத கார்டை விடுவதா என்று ராத்திரியும் பகலும் மண்டையைக் குடைந்துகொண்டதில் எனக்கு என்ன வேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

கணவரிடம் கேட்டால், "உன் இஷ்டம்" என்பார்.

"உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்கு என்ன இருக்கு? உன் job. நீ என்ன decide பண்றியோ அதான்."

கேட்பதற்குத் தங்கமான மனுஷன் பேசுகிற மாதிரி இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாளைக்கு ஏதாவது சரியில்லாமல் போனால் பழி என் தலையில் விழட்டும் என்று ஒதுங்குகிறாரா, இல்லை நிஜமாகவே எனக்கு விட்டுக்கொடுக்கிறாரா? நானும் ஒன்றும் சளைத்தவள் இல்லை. "உங்க இஷ்டம்" என்று திருப்பிக் கொடுப்பேன். நாங்கள் வளர்ந்த இரண்டு வீடுகளிலும் வேண்டியதை வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் கிடையாது. சொல்லாமலே மற்றவர் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொள்ளாவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டும். இப்படி இஷ்டத்தை ஆளுக்கொரு பக்கம் தள்ளியே மாதத்தின் பாதி ஓடிவிட்டது.

கடைசியில் நான்தான் சொன்னேன், பூக் கட்டிப் பார்த்துவிடலாம் என்று. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் வெளியே தெரியாமல் மடித்துச் சாமி காலடியில் வைத்து, கேள்வியை மனசுக்குள் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுப்பது. கேள்வியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எங்கள் நாகர்கோவில் வீட்டில் கல்யாணத்திலிருந்து கிணறு வெட்டுவது வரை இப்படித்தான் முடிவாகும். சிவப்பு வந்தால் செய்யலாம், வெள்ளை வந்தால் கூடாது. கணவருக்கும் யோசனை பிடித்துவிட்டது. கும்பகோணத்தில் அவர்கள் வீட்டிலும் இதே வழக்கம்தானாம். எங்கள் இரண்டு பேருக்கும் கேள்வி ஒன்றுதான்: ஊருக்குத் திரும்பலாமா?

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். ஊரில் இதற்கு அரளிப் பூ வைப்பார்கள். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய சிவப்பு ரோஜா இதழையும் வெள்ளைச் சாமந்தியையும் அலுமினிய ஃபாயிலில் மடித்து எடுத்துப்போயிருந்தேன். அர்ச்சகர் இரண்டு வெள்ளி உருண்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா இது, சாண்ட்விச்சா?"

சொன்னேன். தலையை ஆட்டிவிட்டார். "இந்தக் கோயில்ல அந்த வழக்கம் இல்லியேம்மா. நான் பாட்டுக்கு வெச்சுட்டேன்னா நாளைக்கு எல்லாரும் வருவா. எதுக்கும் கமிட்டில ஒரு வார்த்தை கேட்டுடுங்கோ."

பகவானிடம் ஒரு கேள்வி கேட்பதற்குக் கமிட்டியில் அனுமதி. எனக்கு வந்த எரிச்சலில் பொட்டலங்களைக் கைப்பையில் திணித்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தேன்.

அங்கேதான் டாக்டர் அங்கிள் புளியோதரையோடு உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர்கள் மகளின் பிரசவத்துக்காக ஆன்ட்டி டொரண்டோ போயிருந்ததால் ஞாயிறு மதியம் அவருக்குக் கோயில் சாப்பாடு. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"இண்டைக்கு நாய் ஓட்டம் தெரியுமே? நேஷனல் சாம்பியன்ஷிப். அமெரிக்கா முழுக்க இருந்து நாய் வந்திருக்கு. அதுவும் லோங் டிஸ்டன்ஸ். வாங்கோ, இங்கையிருந்து கிட்டத்தான். பிள்ளையும் பாக்கட்டும்."

எனக்கு மனசில்லை. கோயிலிலிருந்து நேராகச் சூதாட்டத்துக்கா? ஆனால் வீட்டுக்குப் போனால் மறுபடியும் உன் இஷ்டம், உங்க இஷ்டம். கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வேண்டாம் என்று இரண்டு பேருமே சொல்லாததால் அங்கிளின் கார் பின்னாலேயே போனோம்.

கால்வெஸ்டன் கடற்கரைக்குப் போகிற ஃப்ரீவேயை ஒட்டி இருந்தது அந்த இடம். சூதாட்டம் என்றதும் இருட்டும் சிகரெட் புகையுமாக ஏதோ ஒரு பொந்தை நினைத்துக்கொண்டு போனேன். உள்ளே எஸ்கலேட்டர், குளிரூட்டிய கூடம், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் மணல் தடம். தொப்பி போட்ட தாத்தாக்கள் கையில் பென்சிலோடு பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி பந்தயப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் நாச்சோஸ் தின்றுகொண்டு ஓடின. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இருக்கிற இரைச்சல் இருந்தது.

நாய்களைச் சுற்றிக் காட்டுவதற்காகக் கூட்டி வந்தார்கள். நான் கிரேஹவுண்ட் ஜாதி நாயை அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை. எலும்பும் தோலுமாக, வயிறு முதுகோடு ஒட்டி, ஐயோ சாப்பாடே போடுவதில்லையா என்று கேட்கத் தோன்றியது.

"அப்பிடி நினைக்காதேங்கோ பிள்ளை, இதுகள் ராச குலம்" என்றார் அங்கிள். "அந்த வயித்தைப் பாக்காதேங்கோ, தொடையைப் பாருங்கோ." ஒவ்வொரு நாய்க்கும் முதுகில் ஒரு நிறத்தில் துணி, அதில் ஓர் எண். எந்த ஓட்டமானாலும் எண்ணுக்கு நிறம் மாறாது என்று அவர்தான் விளக்கினார். இரண்டு நீலம், நாலு பச்சை, ஆறு மஞ்சள். "ஒண்டாம் நம்பர் சிவப்பு. மூண்டாம் நம்பர் வெள்ளை."

கணவர் என் முழங்கையைத் தொட்டார். நானும் அதே நொடியில் அவரைப் பார்த்தேன். வாய்விட்டுச் சொல்ல என்ன இருக்கிறது?

"பூ மாதிரியே வெச்சுக்கலாமா?" என்று காதோரம் கேட்டார்.

"நாயா?"

"பைரவர் வாகனம்தானே."

கோயிலில் கமிட்டி கேட்டார்கள், இங்கே பைரவர் நேராக வந்து நிற்கிறார் என்று எனக்கும் தோன்றிவிட்டது. படித்தவள், வங்கி ஆபீசர், வெட்கமாக இல்லையா என்று கேட்டால் இல்லை. தவிக்கிறவளுக்கு எங்கேயாவது ஒரு பதில் கிடைத்தால் போதும். எது ஜெயிக்கிறது என்பது எங்களுக்கு முக்கியம் இல்லை. சிவப்பு, வெள்ளை இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் உத்தரவு. அங்கிள் பக்கத்தில் இருந்ததால் அதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. கேள்வியை மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

சும்மா கேட்டால் சாமி சொல்லாது, காணிக்கை போட வேண்டும் என்றேன். கணவர் டிக்கெட் ஜன்னலுக்குப் போனார். இரண்டு நாய்க்கும் சமமாகப் போட வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். ஒன்றுக்கு மட்டும் போட்டால் லஞ்சம் ஆகிவிடும். அங்கிளுக்கு இது விளங்கவே இல்லை.

"ரெண்டுக்கும் போட்டா எப்பிடித் தம்பி? ஒண்டு வெண்டா மற்றது தோக்கும். பேந்து என்னத்துக்குப் போடுறியள்?"

"பரவாயில்லை அங்கிள், ரெண்டுக்கும் போட்டுடறோம்."

"உங்களோட பெரிய கரைச்சல். சரி, வின் போடாதேங்கோ, ஷோ போடுங்கோ. முதல் மூண்டுக்குள்ள வந்தாலும் காசு தருவாங்கள்." அவர் எட்டாம் நம்பருக்குப் போட்டிருந்தார். கறுப்பும் மஞ்சளும் பட்டை போட்ட துணி. அதன் அம்மா யார், அப்பா யார், எந்த ஊரில் எப்படி ஓடியது என்று ஜாதகமே வைத்திருந்தார். என் மகள் பச்சை பிடிக்கும் என்பதால் நாலு என்றாள்.

நாய்களைப் பெட்டிக்குள் விட்டுக் கதவை அடைத்தார்கள். நீண்ட தூரம், நீண்ட தூரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே, நானும் கால் மாற்றி வசதியாக நின்றுகொண்டேன். கம்பியில் பொம்மை முயல் ஒன்று விர்ரென்று ஓடிவந்தது. பெட்டி திறந்தது. எட்டு நாய்களும் ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்து முதல் வளைவுக்குள் போய்விட்டன. எனக்கு எது எந்த நிறம் என்றே தெரியவில்லை.

வளைவு தாண்டியபோது சிவப்பு முன்னால் இருந்தது. அப்போதுதான் என் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. "சிவப்பு! ஓடு சிவப்பு!" என்று கத்தினேன். கத்துவது நான்தான் என்று தெரிந்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இத்தனை மாதமாகத் தெரியாமல் இருந்த விஷயம் இவ்வளவு சுலபமா? எனக்கு ஊருக்குப் போக வேண்டும். என் சாவி எனக்கு வேண்டும். பக்கத்தில் பார்த்தால் இந்த மனுஷனும் கண்ணாடியில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, "சிவப்பு, விடாத, சிவப்பு!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே ஆசைதானா! இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அந்த நேரத்தில் அவரை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அவர்கள் நீண்ட தூரம் என்று சொன்னது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. கடைசி நேர்ப்பாதையில் மஞ்சள் எங்கிருந்தோ வந்து எல்லாவற்றையும் தாண்டிப் போனது. அதுவரை கண்ணிலேயே படாத வெள்ளை வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து சிவப்பின் தோளுக்குப் பக்கத்தில் ஒட்டியது. எல்லைக் கோட்டை இரண்டும் சேர்ந்து தாண்டின. எது முன்னால் என்று யாருக்கும் தெரியவில்லை. போட்டோவைப் பார்த்துத்தான் சொல்வார்கள் என்றார் அங்கிள். பலகையில் விளக்கு மினுக் மினுக் என்று எரிந்தது. நாங்கள் இருவரும் கை கோத்துக்கொண்டு நின்றோம். கல்யாணத்தன்று புரோகிதர் பிடித்துவைத்த பிறகு இத்தனை பேர் நடுவில் கை கோத்தது அப்போதுதான்.

பலகையில் எண்கள் விழுந்தன. முதலில் ஆறு. அடுத்து மூன்று. அப்புறம் ஒன்று. வெள்ளை இரண்டாவது, சிவப்பு மூன்றாவது.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. கணவர் முகம் செத்துப்போயிருந்தது. அங்கிளின் எட்டாம் நம்பர் கடைசியில் வந்திருந்தது. அவர் பாவம் அதைக்கூட மறந்துவிட்டு எங்களையே பார்த்தார். "என்ன விளையாட்டு இது? ரெண்டு டிக்கெட்டுக்கும் காசு விழுந்திருக்கு. வெண்டுபோட்டு ஏன் இழவு வீடு மாதிரி நிக்கிறியள்?"

ஒன்றுமில்லை அங்கிள் என்றோம். அவர் எங்களைத் தேற்றுவதற்காக என்று நினைக்கிறேன், காபி வாங்கிக் கொடுத்தார். ஊருக்குப் போகிற யோசனை ஏதும் உண்டா என்று பேச்சுவாக்கில் கேட்டார். கணவர் கப்பில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார். "உங்களுக்குப் போறதா இருக்கிறதா எண்டு யோசிக்கவாவது ஏலும்" என்றார் அங்கிள். "யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டில இப்ப ஆமி இருக்கு." வேறு சமயமாக இருந்தால் ராணுவம் குடியேறிய அந்த வீட்டை நினைத்து எனக்கு மனசு கனத்திருக்கும். அன்றைக்கு என் துக்கம் எனக்கு.

திரும்பும்போது கணவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை என் கைமேல் வைத்திருந்தார். மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள்.

"விடு. சாமி சொல்லிடுச்சு" என்றார். "நாம ரெண்டு பேரும் ஒண்ணையேதான் நெனச்சிருக்கோம் பாரு. எனக்கு அது போதும்."

எனக்கும் அது போதும் போல இருந்தது. ஊருக்குப் போக வேண்டும் என்று இரண்டு பேருமே ஆசைப்பட்டு, இரண்டு பேரும் சேர்ந்தே ஏமாந்ததில் ஒரு ஆறுதல் இருந்தது. உத்தரவு கேட்டுவிட்டு மீறக் கூடாது. திங்கட்கிழமை மகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு ராஜினாமாவை எழுதினேன். ஹில்கிராஃப்டில் மளிகைக் கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் எடுக்கிற கடை ஒன்று இருந்தது, ஃபேக்ஸும் அனுப்புவார்கள். மெஷின் அந்தத் தாளை மெதுவாக உள்ளே இழுத்தபோது பிடித்து வெளியே இழுத்துவிடலாமா என்று கை பரபரத்தது. இழுக்கவில்லை. வரும்போது வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் அவர் என்னிடம் நடந்துகொண்ட மாதிரி அதற்கு முன் நடந்துகொண்டதில்லை. பாத்திரம் தேய்த்தார். மகளைக் குளிப்பாட்டினார். சாயங்காலம் பால்கனியில் நின்று பார்க்கிங்கில் இருக்கிற எங்கள் காரையே பார்த்துக்கொண்டிருப்பார். பாவம், மனுஷன் மனசுக்குள் காவேரிக் கரையில் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவேன்.

வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து வரும்போது பெரிய சூட்கேஸாக நாலு தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார்.

"யார் ஊருக்குப் போறா?" என்று கேட்டேன்.

"யாரா? நாமதான்."

"நாமளா? வெள்ளைதானே முந்துச்சு?"

"ஆமா, வெள்ளைதான். அதான போறோம்?"

"வெள்ளை வந்தா எப்படிப் போறது? வெள்ளைன்னா கூடாதுல்ல?"

அவர் சூட்கேஸைக் கீழே வைத்தார். "யார் சொன்னா? வெள்ளைன்னா பண்ணலாம். சிவப்புன்னா வேண்டாம். ட்ராஃபிக் சிக்னல்ல சிவப்புக்குப் போவியா நீ?"

"ட்ராஃபிக் சிக்னலா? குங்குமம் என்ன கலர்? கூரைப் புடவை என்ன கலர்? சிவப்புதான் நல்லது. எங்க வீட்ல எப்பவும் அப்படித்தான்."

"விபூதி என்ன கலர்? எங்க வீட்ல எப்பவும் வெள்ளைதான்!"

குங்குமமா விபூதியா என்று கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். அக்கம்பக்கத்தில் தமிழ் தெரிந்தவர்கள் இருந்திருந்தால் ஏதோ சமயச் சண்டை என்று நினைத்திருப்பார்கள். மகள் ஒரு சூட்கேஸைத் திறந்து அதற்குள் உட்கார்ந்துகொண்டு, "ஆர் வி கோயிங் டு டிஸ்னி?" என்று கேட்டாள். பாதிச் சண்டையில்தான் எனக்கு உறைத்தது. அவரும் சிவப்பு என்றுதானே கத்தினார்?

"அப்போ நீங்க அன்னிக்கு சிவப்பு, சிவப்புன்னு கத்தினது?"

அவர் மற்ற சூட்கேஸ்களைச் சுவரோரம் தள்ளி வைக்கப் போனார்.

"சொல்லுங்க."

"இங்கேயே இருக்கணும்னு" என்றார். குரல் இறங்கிவிட்டது. "நீ?"

"போகணும்னு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்கள் ஆசையை நாங்கள் ஒருவருக்கொருவர் நேராகச் சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை. சொன்னதும் ஏதாவது தெளியும் என்று நினைப்போம் இல்லையா? எனக்கு இன்னும் குழம்பியது. கை கோத்துக்கொண்டு நின்றோமே, அது எதற்காக? அவர் காரில் என் கைமேல் கை வைத்துத் தேற்றியது யாரை? இல்லாத ஒருத்தியை அவர் தேற்றியிருக்கிறார், இல்லாத ஒருவருக்காக நான் உருகியிருக்கிறேன். கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிறகுதான் நினைவு வந்தது. ஃபேக்ஸ்!

"நான் ரிசைன் பண்ணிட்டேன்" என்றேன். "மண்டேவே ஃபேக்ஸ் அனுப்பிட்டேன்."

அவர் மூடியிருந்த சூட்கேஸ் ஒன்றின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நானும் இன்னிக்கு ஆபீஸ்ல வேலையை விடறேன்னு சொல்லிட்டேன். மண்டே வரைக்கும் நல்லா யோசின்னார் எங்க மேனேஜர்." கொஞ்சம் கழித்து, "எனக்குப் பிடிக்காததை நீ செய்வியேன்னு பார்த்தா, உனக்குப் பிடிக்காததை நான் செஞ்சு..." என்று ஆரம்பித்து, எங்கேயோ சிக்கிக்கொண்டு நிறுத்திவிட்டார். எனக்கும் கணக்கு வரவில்லை.

நடந்தது இதுதான்: போக ஆசைப்பட்ட நான் போகாமலிருக்க ஏற்பாடு செய்துவிட்டேன், இருக்க ஆசைப்பட்ட அவர் கிளம்ப ஏற்பாடு செய்துவிட்டார். நாய்கள் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கின்றன.

"ஃப்ரிட்ஜ்ல பூ இருக்கா?" என்று கேட்டார். "சிவப்புன்னா என்ன, வெள்ளைன்னா என்னன்னு பேசி வெச்சுக்கிட்டு இன்னொரு தடவை பார்த்துடலாம்."

ஒரு நொடி எழுந்துகூட விட்டேன். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். மறுபடியும் சிவப்பு என்று கத்துவேன் என்று எனக்குத் தெரியும். அவர் வெள்ளை என்று கத்துவார். அதற்கு எதற்குப் பூ?

"வேண்டாம்" என்றேன்.

"சரி, அப்போ உன் இஷ்டம்."

"அதை மட்டும் இனிமே சொல்லாதீங்க!" என்று கத்திவிட்டேன். மகள் சூட்கேஸிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

திருச்சியில் அப்போது வெள்ளிக்கிழமை காலை. வங்கி திறந்திருக்காது, ஆனால் மேனேஜர் வீட்டு நம்பர் என்னிடம் இருந்தது. என்ன சொல்லப் போகிறேன் என்று முடிவு செய்துகொண்டு போனை எடுத்தேன் என்று சொன்னால் பொய். ராஜினாமா மேலிடத்துக்குப் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். போய்விட்டிருந்தால் இருந்துவிடுவது. அப்படிப் போயிருந்தால் ஒருவேளை நல்லதோ என்றும் ஓரத்தில் ஓர் எண்ணம் ஓடியது. காலிங் கார்டின் எண்களை அழுத்தும்போது இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன்.

மேனேஜரே எடுத்தார். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"நல்ல வேளை நீயே போன் பண்ணினே" என்றார். "ஏதோ ஃபேக்ஸ் வந்துச்சும்மா உன்கிட்டேருந்து. மேல பேர் மட்டும் தெரியுது, கீழ ஒரே கறுப்பு. நம்ம மெஷின் லட்சணம்தான் உனக்குத் தெரியுமே. ஹெட் ஆபீஸ்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க. என்னம்மா எழுதியிருந்தே? வர்றியா, வரலியா?"

கணவர் சூட்கேஸ்மேல் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் பேசியது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை, உதட்டை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

"ஹலோ? லைன்ல இருக்கியாம்மா?"

"வர்றேன் சார்" என்றேன்.

மேனேஜர் சந்தோஷமாக ஏதோ சொன்னார். எந்தத் தேதி என்று கேட்டார். நானும் ஒரு தேதி சொன்னேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கணவர் எழுந்திருக்கவில்லை. மகள் உட்கார்ந்திருந்த பெட்டியின் கைப்பிடியை மடித்தும் விரித்தும் விளையாடிக்கொண்டிருந்தார்.

"வர்றேன்னு சொன்னியே" என்றார். "நீ மட்டுமா, நாமளா?"

மேனேஜர் அதைக் கேட்கவில்லை. நானும் யோசித்திருக்கவில்லை.